40 வயசுக்கு மேல 15 கிலோ குறையுமா? புதுச்சேரி எண்களும் நிஜமான இலக்கும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுமார் 8 கி.மீ. போனால் நோணாங்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு இது சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கும் ஊர். பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏறும் இடம். படகில் ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் மாட்டியாக வேண்டும். கல்லூரி டூர் வந்தபோது 'டக்'கென்று பூட்டிய பெல்ட், 45 வயதில் மனைவி, பிள்ளைகளோடு வரும்போது வயிற்றைச் சுற்றி எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு இரவே ஒரு சபதம் பிறக்கும்: "மூணு மாசத்துல பதினஞ்சு கிலோ இறக்கிக் காட்டுறேன் பாரு!"

மூன்று மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினால் நாலு கிலோ குறைந்திருக்கும். "இவ்வளவு கஷ்டப்பட்டு நாலு கிலோதானா?" என்ற வெறுப்பில் வாக்கிங் ஷூ மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடுத்த ஆறு மாதத்தில் அந்த நாலு கிலோவும் திரும்பி வந்துவிடும்.

இதில் தப்பு எங்கே? உழைப்பிலா, உடம்பிலா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, இலக்கில்தான். அந்த நாலு கிலோ எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

புதுச்சேரிக்கு முதலிடம்... ஆனா இது வேற லிஸ்ட்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 1,13,043 பேரிடம் நடந்த ஆய்வு இது.

அதில் உடல்பருமன் உள்ளவர்களின் விகிதம் நாடு முழுக்க 28.6 சதவீதம். புதுச்சேரியில் 53.3 சதவீதம், நாட்டிலேயே அதிகம். வயிற்றுப் பருமனில், அதாவது தொப்பையில், தேசிய அளவு 39.5 சதவீதம். இதிலும் புதுச்சேரிதான் முதலிடம்: 61.2 சதவீதம். சர்க்கரை நோயில் கோவா 26.4 சதவீதத்துடன் முதலிடத்திலும், புதுச்சேரி 26.3 சதவீதத்துடன் நூலிழையில் இரண்டாவது இடத்திலும் இருக்கின்றன.

பெரியவர்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு உடல்பருமன், நாலு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்பதுதான் இதன் அர்த்தம். அதனால் நோணாங்குப்பத்திலோ அரியாங்குப்பத்திலோ தவளக்குப்பத்திலோ 'வெயிட் குறைக்கணும்' என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் அழகு விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு விளக்கம். இந்த ஆய்வில் பி.எம்.ஐ 25-ஐத் தொட்டாலே உடல்பருமன். உலக அளவில் பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை 30. நமக்கு ஏன் குறைவு? இந்தியர்களுக்கு அதே எடையில் வயிற்றுக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது.

சார்ட் சொல்வது ஒன்று, உடம்பு தருவது ஒன்று

ஓர் உதாரணம் பார்க்கலாம். உயரம் 165 செ.மீ., எடை 80 கிலோ, வயது 45. இவருடைய பி.எம்.ஐ 29.4. இந்தியர்களுக்கான 'நார்மல்' எல்லையான 23-க்குக் கீழே வர வேண்டுமென்றால் 62 கிலோவுக்கு இறங்க வேண்டும். அதாவது 18 கிலோ குறைக்க வேண்டும்! மொபைல் ஆப் அப்படியே இதைத்தான் 'டார்கெட்' என்று காட்டும்.

கணக்கு சரிதான். ஆனால் உணவு, நடை மட்டும் வைத்து 18 கிலோ குறைத்து, அதை வருஷக்கணக்கில் தக்கவைப்பவர்கள் மிகக் குறைவு.

எதிர்பார்ப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-லேயே அளந்து பார்த்தார்கள். உடல்பருமன் உள்ள 60 பெண்களிடம், சிகிச்சை தொடங்கும் முன்பு, "எவ்வளவு குறைந்தால் சந்தோஷம்?" என்று கேட்டார்கள். உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைய வேண்டும் என்றார்கள். 25 கிலோ குறைந்தால் 'பரவாயில்லை', 17 கிலோ என்றால் 'ஏமாற்றம்'! 48 வாரச் சிகிச்சைக்குப் பிறகு சராசரியாகக் குறைந்தது 16 கிலோ. மருத்துவர்கள் பார்வையில் அது அபாரமான வெற்றி. ஆனால் அவர்களில் 47 சதவீதம் பேர் தாங்களே வைத்த 'ஏமாற்ற' அளவைக்கூட எட்டவில்லை.

'மெட்டபாலிசம் ஸ்லோ ஆயிடுச்சு' - உண்மையா?

40 தாண்டியதும் எல்லோரும் சொல்லும் காரணம் இது. 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த, பிறந்து 8 நாள் ஆன குழந்தை முதல் 95 வயது வரையிலான 6,400-க்கும் அதிகமானோரின் தகவல்களை ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு அலசியது. உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை உடல் எரிக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கிறது. 60-க்குப் பிறகுதான் வருஷத்துக்குச் சுமார் 0.7 சதவீதம் என்ற அளவில் குறைகிறது.

அப்படியானால் 40-களில் ஏன் எடை ஏறுகிறது? காரணங்கள் வேறு.

தசை கரைகிறது: 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம். தசை குறைந்தால் மொத்தச் செலவும் குறையும். சாப்பாடு மட்டும் 25 வயதில் சாப்பிட்ட அதே அளவு.

நடமாட்டம் குறைகிறது: சைக்கிள் போய் பைக் வந்தது, பைக் போய் கார் வந்தது. வேலையும் நாற்காலிக்கு வந்துவிட்டது.

தூக்கம் கெடுகிறது: சிகாகோ பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 10 பேருக்கு ஒரே மாதிரி டயட் கொடுத்து, ஒரு கட்டத்தில் 8.5 மணி நேரமும் இன்னொரு கட்டத்தில் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். இரண்டிலும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பின் அளவு 55 சதவீதம் குறைவு. அதாவது, போனதில் பெரும்பகுதி தசை!

மெனோபாஸ்: மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், இடுப்பு, தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறுகிறது. எடை அப்படியே இருந்தாலும் ஜாக்கெட் டைட் ஆகும். 'அம்மா ஒழுங்கா டயட் இருக்க மாட்டேங்கிறாங்க' என்று சொல்லும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, எவ்வளவு குறைந்தால் போதும்?

இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம். மேலே சொன்ன 80 கிலோ ஆசாமிக்கு இது 4 முதல் 5.6 கிலோ. அவ்வளவுதான்.

'இதுக்கா இவ்வளவு பில்டப்?' என்று தோன்றலாம். ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,234 பேரிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. சராசரி வயது 51. அதில் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு இரண்டுதான்: 7 சதவீத எடை குறைய வேண்டும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி வேண்டும். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட குழுவைவிட இது அதிகம்.

நம்ம ஊர் ஆதாரம் இன்னும் சுவாரஸ்யம். சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 35 முதல் 55 வயது வரையிலான 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் செய்த குழுவில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குழுவின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷின் முள் நகராவிட்டாலும் உள்ளே மாற்றம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மாதவாரியாக என்ன எதிர்பார்க்கலாம்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கின்றன. எடை குறைக்கும் டயட் என்றாலும் ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கின்றன. இதை வைத்து 80 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தோராயக் கணக்கு:

- முதல் வாரம்: ஒன்று, இரண்டு கிலோகூட 'சர்'ரென்று இறங்கலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். துள்ள வேண்டாம்.
- முதல் மாதம்: ஒன்றரை முதல் 2 கிலோ.
- மூன்றாம் மாதம்: 3 முதல் 5 கிலோ.
- ஆறாம் மாதம்: 4 முதல் 6 கிலோ. இங்கேதான் முள் நின்றுபோகும். உடம்பு சின்னதானால் அதற்குத் தேவையான சக்தியும் குறையும். அதனால் வரும் தேக்கம் இது. உங்கள் தப்பு இல்லை.
- ஒரு வருஷம்: இன்னும் குறைந்தால் போனஸ். குறைந்ததைக் காப்பாற்றினாலே ஜெயித்த மாதிரி.

காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம்? சர்க்கரை நோய் உள்ள 5,145 பேரிடம் அமெரிக்காவில் நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்ற குழு முதல் வருஷத்தில் சராசரியாக 8.6 சதவீத எடையைக் குறைத்தது. ஏறக்குறைய 10 வருஷம் கழித்து நின்றது 6 சதவீதம். நிபுணர்கள் கூடவே இருந்தும் கொஞ்சம் திரும்பி வந்தது. அந்த ஆய்வில் மாரடைப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சர்க்கரைக் கட்டுப்பாடும் நடமாட்டமும் மேம்பட்டன, மருந்தின் தேவையும் குறைந்தது.

'டெய்லி அரை மணி நேரம் நடக்கிறேன், குறையலையே?'

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி.

ஒரு நாளைக்கு நாலு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அந்தச் சர்க்கரையே கிட்டத்தட்ட 160 கலோரி. காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் டீக்கடையில் திரும்பி வந்துவிடும். 650 மில்லி பீர் பாட்டிலில் 250 கலோரிக்கு மேல் இருக்கிறது. சைடு டிஷ் தனிக் கணக்கு.

நடப்பது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எடையைக் குறைப்பதில் தட்டுக்குப் பங்கு அதிகம். குறைந்ததைத் தக்கவைப்பதிலும், ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தத்திலும் நடைக்குப் பங்கு அதிகம். இரண்டும் வேண்டும்.

தட்டில் முதலில் பார்க்க வேண்டியது சோறு. இதே 'இண்டியாப்' ஆய்வின் 2025 முடிவுகளின்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. மதியம் மூன்று கரண்டி என்றால் இரண்டாக்கி, அந்த இடத்தில் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி சுண்டல் அல்லது பருப்பு. கடலோர ஊருக்கு மீன் பஞ்சமில்லை. எண்ணெயில் பொரித்த வஞ்சிரத்தைவிட மீன் குழம்பில் இரண்டு துண்டு நல்லது. கோதுமைக்கு மாறினால் எடை குறையும் என்று நாலு சப்பாத்தியை ஆறாக்கினால் பலன் இல்லை.

நடக்க இடம் எங்கே?

நியாயமான கேள்விதான். லாரியும் பஸ்ஸும் பறக்கும் கடலூர் சாலையோரத்தில் நடப்பது பாதுகாப்பில்லை. புதுச்சேரி டவுனில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் இல்லாத கடற்கரைச் சாலை இருக்கிறது. நோணாங்குப்பத்திலிருந்து தினமும் அதற்காகப் போய்வர முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலையில் தெருவுக்குள் 10 நிமிடம், மதியம் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம், ராத்திரி மொட்டை மாடியில் 10 நிமிடம் என்று பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும்.

அதே வழிகாட்டுதல், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஜிம் கட்டாயமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போதும். மூட்டு வலி இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

மெஷினை விட்டு டேப்பை எடுங்க

உப்பு, தண்ணீர், மலச்சிக்கல், மாதவிடாய் எனப் பல காரணங்களால் ஒரே நாளில் எடை ஒரு கிலோ வரைகூட ஏறி இறங்கும். தினமும் மெஷினில் ஏறி மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

அதைவிட முக்கியம், இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, தையல் டேப்பால் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. எடை நின்றுபோன மாதத்திலும் இடுப்பு இரண்டு செ.மீ. குறைந்திருக்கலாம். கூடவே ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு. மதிப்பெண் பட்டியலில் இவையும் உண்டு.

ஊசி போட்டா சீக்கிரம் குறையுமாமே?

மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி 2025 ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்தால் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பலன் உண்மைதான். ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததும் உண்மை. குமட்டல், வாந்தி, தசை இழப்பும் சாத்தியம். மருத்துவர் சீட்டில்தான் வாங்க வேண்டும். நண்பர் போடுகிறார் என்று போடும் மருந்து இல்லை.

அறுவை சிகிச்சையும் உடல்பருமன் மிக அதிகமாக இருப்பவர்களுக்கானது. 2024 ஏப்ரலில் இந்தச் சிகிச்சைக்காகச் சென்னை சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அனுபவமுள்ள குழு, தீவிர சிகிச்சை வசதி, முழுப் பரிசோதனை மூன்றையும் உறுதி செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது.

'பத்து நாளில் பத்து கிலோ' ரக ஜூஸ் டயட், பவுடர்களும் ஆபத்துதான். மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு அதிகம்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

- இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். திடீரென சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.
- நடந்தால் நெஞ்சு வலி அல்லது அதிக மூச்சிரைப்பு உள்ளவர்கள்.
- சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள். புரதத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.
- உடம்பு வீங்கி, சோர்வோடு எடை ஏறுபவர்கள். தைராய்டு பார்க்க வேண்டும்.
- எந்த முயற்சியும் இல்லாமல் எடை குறைபவர்கள். 'நல்லா இளைச்சிட்டீங்களே' என்று யாராவது பாராட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கரை நோய், காசநோய், புற்றுநோய் என எதுவாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் இளசுகளுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் பலருக்கு வயது 30-க்குள் இருக்கலாம். அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டு, "என்னம்மா, ஒரு கிலோகூட குறையலையா?" என்று போனில் கேட்பவராகவும் இருக்கலாம். அடுத்த முறை கேள்வியை மாற்றிப் பாருங்கள்: "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீங்க? சுகர் எவ்ளோ இருக்கு?" ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸுக்குப் பதில் ஒரு தையல் டேப்போடு வந்து, கூடவே ஒரு ரவுண்டு நடந்துவிட்டும் போங்கள்.

80 கிலோ 76 ஆனால் யாரும் திரும்பிப் பார்த்து 'வாவ்' சொல்ல மாட்டார்கள். சுண்ணாம்பாறு படகில் லைஃப் ஜாக்கெட் பெல்ட்டும் ஒருவேளை கொஞ்சம் இழுத்துத்தான் பூட்ட வேண்டியிருக்கும். ஆனால் நாலு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் ஊரில், அந்த நாலாவது ஆளாக ஆகாமல் தப்பிக்க இந்த நாலு கிலோ நிஜமாகவே உதவும். அதைத் 'தோல்வி' என்று நினைத்து ஷூவைக் கழற்றிவிட வேண்டாம்.